சுவருக்குச் சொன்ன கிழவியும் நம்மூர்க் கதைவட்டமும்

பாட்டி சொல்லிக் கேட்ட கதை இது. ஒரு விதவைக் கிழவி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நாலு பேரும் அவளைப் படாதபாடு படுத்துகிறார்கள். யாரிடமும் சொல்ல வழியில்லை. சொல்லாத குறையெல்லாம் உள்ளே சேர்ந்து சேர்ந்து உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி: தின்றுவிட்டுத் தூங்குகிறாளாம். ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, ஊர்க்கோடியில் கூரையில்லாத ஒரு பாழ்வீட்டுக்குள் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். சுவர் பொலபொலவென்று சரிகிறது, உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவருக்கு மூத்த மருமகள் கதை. இப்படியே நாலு சுவரும் விழ, இடிபாட்டின் நடுவே லேசாக நிற்கிறாள் கிழவி. ஏ.கே. ராமானுஜன் தன் நாட்டார் கதைத் தொகுப்பில் சேர்த்த பிறகு எங்கெங்கோ போய்விட்ட தமிழ்க் கதை.

மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பதற்கு எல்லோரும் இந்தக் கதையை எடுத்துக்காட்டுகிறார்கள். சரிதான். ஆனால் சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேட்ட நாலும் இடிந்து விழுந்துவிட்டன. தென்னைகளைச் சாய்த்த கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கதைவட்டம் நடத்தப் போனபோது, முதல் முயற்சியில் நான் செய்த தப்பு அதுதான். சொல்கிறவர்களைத் தேடித்தேடி அழைத்தேன், கேட்கிறவர்களைத் தயார் செய்யவில்லை. மூன்றாவது வாரம் பாதிப்பேர் வரவில்லை. நானும் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

கதைவட்டம் என்பது பத்துப் பன்னிரண்டு பேர், வாரம் ஒருநாள், ஆறு வாரம், பாயில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் வாழ்வில் நடந்ததைச் சொல்வதும் பாட்டாக்குவதும். அவ்வளவுதான். அதைத் தொடங்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எப்போது தொடங்கக் கூடாது

பேரிடர் நடந்த கையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். துயரம் நடந்த உடனே ஆட்களை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் ஒன்றுவிடாமல் சொல்லவைக்கும் பழக்கம் உலகெங்கும் ஒரு காலத்தில் பரவியிருந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். 2002-ல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பின்னால் வரும் மனநோயைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. முதல் வாரங்களில் வேண்டியது குடிதண்ணீர், தார்ப்பாய், தொலைந்த ரேஷன் அட்டைக்கு மாற்று, காணாமல்போனவரைப் பற்றிய தகவல். தானாகப் பேச வருகிறவரிடம் காது கொடுங்கள். பிடுங்காதீர்கள்.

நம் சடங்குகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். பதினாறாம் நாள் காரியம், மாதா மாதம் படையல், ஆண்டுத் திவசம் என்று துக்கத்தைத் தவணையில்தான் இறக்கிவைக்கச் சொல்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது. நாங்கள் ஒழுங்காக உட்கார்ந்து பேச முடிந்தது அடுத்த கோடைக்குப் பிறகுதான். அதற்கு முன் போன வீடுகளில் எல்லோரும் நிவாரணக் கணக்கெடுக்க வந்தவன் என்று நினைத்தே பேசினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

எங்கே உட்காருவது

இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். நம் ஊர்களில் பொது இடம் என்று சொல்லப்படுவது பாதிப்பேருக்குப் பொது இடம் அல்ல. கோயில் மண்டபத்தில் கூட்டினால் காலனிக்காரர்கள் வாசலோடு நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் அவரிடம் கடன் வாங்கியவர் வாய் திறக்கமாட்டார். டீக்கடை ஆண்களுடையது. காலனிக்குள்ளேயே வைத்தால் மற்ற தெருக்காரர்கள் வரமாட்டார்கள், வராததற்குக் காரணமும் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரம், சத்துணவுக்கூடம், நூலகக் கட்டடம் ஆகியவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏற்கனவே ஒன்றாக உட்கார்ந்து பழகிய இடங்கள் அவை.

அதுவும் கைகூடாவிட்டால் இரண்டு தெருவில் இரண்டு வட்டம் வையுங்கள். முதல் நாளே எல்லோரையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் புரட்சி செய்துவிடலாம் என்று நினைத்தால், அந்தப் புரட்சிக்கான விலையை மறுநாள் கொடுப்பவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள். 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் நிவாரண முகாம்களில்கூடத் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டது பதிவான செய்தி. எல்லோர் வீட்டையும் ஒரே அலை அடித்தபோதே அப்படித்தான் இருந்தது.

நேரத்தைப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்களுக்கு வியாழன் மாலை மூன்றரை ஒத்துவந்தது. நூறுநாள் வேலை முடிந்திருக்கும், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருக்கும். ஆட்களைச் சேர்க்க மகளிர் சுயஉதவிக் குழு நல்ல வழி, ஆனால் கடன் தவணை வசூலிக்கும் நாளில் வேண்டாம். ஆண்கள் தனி வட்டத்தில் நன்றாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அரைமணி நேரம் அரசியல் பேசிவிட்டு எழுந்துபோனார்கள். விழுந்த மரத்தை அறுக்கிற வேலையில் கூடவே நின்றபோதுதான் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஆக, ஆண்கள் கைக்கு ஏதாவது வேலை கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

'ம்' கொட்டப் பழகுவது

முதல் வட்டத்துக்கு முன் இரண்டு நாள் கேட்பதற்கு மட்டும் பயிற்சி வையுங்கள். ஊரிலேயே நாலைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். பேச்சாளர்கள் வேண்டாம். எல்லா வீட்டுச் சங்கதியும் தெரிந்தும் வாயைத் திறக்காத ஒரு பெரியம்மா, பத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடி அக்கா, இப்படிப்பட்டவர்கள்.

பயிற்சி எளிதானது. இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் மூன்று நிமிடம் பேசவேண்டும், மற்றவர் 'ம்' மட்டும் கொட்டலாம். அறிவுரை கூடாது. கேள்வி கூடாது. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். நம் கையில் ஆறுதல் என்ற பெயரில் சில கத்திகள் இருக்கின்றன: 'விடு விடு, அழாத', 'எனக்கும் இப்படித்தான் ஆச்சு', 'விதிப்படிதான் நடக்கும்', 'உயிரு பொழச்சதே பெருசு'. இவற்றை ஒரு தாளில் எழுதி, நாங்கள் சிரித்துக்கொண்டே அடித்துவிடுவோம். அதற்கு அப்புறமும் வாயில் வரும்.

'ம்' கொட்டுவது சின்ன விஷயமில்லை. கதை சொல்லும் பாட்டி, 'ம்' வராவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவாள், நினைவிருக்கிறதா? கூத்தில்கூடப் பக்கத்தில் நின்று 'ஆமா' போட ஒருவர் இருக்கிறார். இருட்டில் நீ தனியாகப் பேசவில்லை என்பதற்கு அந்த ஓர் எழுத்துதான் சாட்சி.

கேட்பவர்களுக்கும் ஒரு இடம் வேண்டும். ஒவ்வொரு வட்டமும் முடிந்ததும் அவர்கள் மட்டும் கால்மணி நேரம் தேநீரோடு உட்கார்ந்து, தங்களுக்குள் எது தங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளட்டும். கதைகளைத் திரும்பப் பேசக் கூடாது, தங்களுக்கு என்ன ஆனது என்பதை மட்டும். சுவர் இடியாமல் இருக்க இதுதான் முட்டு.

முதல் நாள்

விதிகளைக் குறைவாக வையுங்கள். சொல்ல விருப்பமில்லாதவர் 'அடுத்தவர்' என்று சொல்லிவிட்டு உட்காரலாம். கைபேசிகள் ஒரு கூடையில். இங்கே கேட்டது வெளியே போகாது. இந்த மூன்றாவது விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பிள்ளைகள் மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் இந்தியாவில் 2012 போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. எல்லாவற்றையும் ரகசியமாகக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, முடியாததை முன்கூட்டிச் சொல்வது நல்லது.

பேரிடரைப் பற்றிக் கேட்காதீர்கள். 'உங்களுக்கு இந்தப் பேரை யார் வைத்தது?' என்று தொடங்குங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு தாத்தா இருப்பார், ஒரு குலசாமி இருக்கும், நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் 'போதும்பொண்ணு' என்று வைத்த கோபம் இருக்கும். அடுத்த வாரம் உடம்பிலுள்ள ஒரு தழும்பின் கதை. மூன்றாம் வாரம் வீட்டிலிருந்து ஒரு பொருள். எங்கள் வட்டத்துக்கு ஒருவர் பாளைச்சீவும் அரிவாள் கொண்டுவந்தார், ஒருவர் வீடே இல்லாத வீட்டின் சாவி. பொருள் கையில் இருந்தால் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சு தானாக வரும். புயல் மூன்றாம் வாரம்தான் வட்டத்துக்குள் வந்தது, அதுவாகவே வந்தது.

சுண்டலோ சுக்குக்காபியோ கட்டாயம். வெறும் வயிற்றில் யாரும் தங்கள் துயரத்தைச் சொல்லக் கூடாது.

பாட்டு கட்டுவது

'கவிதை எழுதலாம்' என்று சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். நமக்குப் பள்ளிக்கூடம் அப்படிச் செய்து வைத்திருக்கிறது. நான் பாரி மகளிரைத் துணைக்கு அழைத்துக்கொள்வேன். புறநானூற்றில் அவர்கள் பாடியதாக இருப்பது ஐந்தே அடி. அற்றைத் திங்கள் வெண்ணிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இற்றைத் திங்கள் வெண்ணிலவில் குன்றையும் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை. அதே நிலா, ஒரு மாத இடைவெளி. வேறு ஒன்றுமே சொல்லவில்லை. இதைப் பேச்சுத் தமிழில் சொல்லிக்காட்டி, 'அன்றைக்கு' என்று ஒரு வரி, 'இன்றைக்கு' என்று ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரு பொருள் மாறாமல் இருக்கவேண்டும்: நிலா, வாசல், அடுப்பு, எதுவானாலும். எண்பது வயதுக்காரருக்கும் வருகிறது, எட்டாவது படிக்கும் பெண்ணுக்கும் வருகிறது.

அப்படி ஒருவர் சொன்னது:

அன்னைக்கி விடியிறப்ப நூத்திப்பத்து மரம் நின்னுச்சு,
நெழலு வாசல்ல படுத்துருந்துச்சு.
இன்னைக்கி விடியிறப்ப
வெயிலு வீட்டுக்குள்ள வந்து உக்காந்துருக்கு.

எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அவருடைய வேலை கேட்டதைக் கேட்டபடி எழுதுவது. நான் அந்தப் பாட்டை 'நூற்றுப்பத்து மரங்கள்' என்று திருத்தி எழுதி வாசித்துக்காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'நல்லாருக்கு தம்பி, யாரு பாடுனது?' என்றார். அன்றோடு திருத்துவதை விட்டேன்.

ஒப்பாரியைத் தொடும்போது கவனம் வேண்டும். அதில் அழுகை மட்டும் இல்லை. பிறந்தவீட்டுச் சீர் நின்றுபோனது, அண்ணன் எட்டிப்பார்க்காதது, கட்டியவன் அடித்தது என்று வேறெங்கும் சொல்ல முடியாத வழக்கெல்லாம் அதற்குள் இருக்கும். தோள் மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து பாடும்போது, நம் பெண்கள் நெடுங்காலமாக நடத்திவரும் கதைவட்டம் அதுதான். ஆனால் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்று பல ஊர்களில் நம்பிக்கை உண்டு. அங்கே மூத்த பெண்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள். எங்களிடம் ஒரு ஆத்தா வழி சொன்னார்: 'மரத்துக்கு வச்சிக்கிறேன், அதுவும் பிள்ளதான?' தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம். அன்று அவர் மரத்துக்கு வைத்த ஒப்பாரியின் பாதியில் மரம் போய், இருபது வருடத்துக்கு முன் இறந்த மகன் வந்துவிட்டான். இன்னொன்று, ஒப்பாரியும் பறையும் சாதியோடு கட்டப்பட்டவை. 'நீங்கள்தானே நல்லாப் பாடுவீங்க' என்று ஒரு தெருக்காரரை மட்டும் பாடச் சொல்வது கலைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கலைஞரை அழைத்தால் கூலி கொடுத்து அழையுங்கள்.

கூட்டத்தில் பேச முடியாதவர்களுக்குத் தனியாக எழுதும் வழி இருக்கிறது. 1986-ல் அமெரிக்காவில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை: தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதை அரித்த ஒன்றைப் பிழை பார்க்காமல் எழுதவேண்டும். எழுதிய அன்று அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. பின்னால் 2006-ல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்று வந்தது. ஆகவே மருந்துபோல் இதை விற்காதீர்கள். எழுதியதைக் கிழித்துப்போடலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். வீட்டில் யார் கையில் கிடைக்கும் என்ற பயம் இருந்தால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

பிள்ளைகள்

பிள்ளைகளைப் பெரியவர்கள் வட்டத்தில் உட்காரவைக்காதீர்கள். மட்டக்களப்பில் 1996-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடினார்கள். பால் ஹோகன் என்ற கனடாக்காரரும் பால் சற்குணநாயகம் அடிகளாரும் கட்டியெழுப்பிய இடம் அது. களிமண், சாயம், மிருகங்கள், கட்டுக்கதைகள் வழியாகத்தான் அங்கே வேலை நடந்தது. 'உனக்கு என்ன நடந்தது?' என்று கேட்பதைவிட 'இந்த ஆமை ஏன் வீட்டைவிட்டு வந்தது?' என்று கேட்பது பிள்ளைக்கு எளிது.

அழுகை நிற்காதபோது

அழுவது விபத்தல்ல. பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் வையுங்கள், 'நிறுத்திக்கலாமா, இன்னும் சொல்றீங்களா?' என்று கேட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள். பார்வை நிலைகுத்திப்போனால், உடம்பு நடுங்கினால், கதையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வட்டத்தையும் கனத்த கதையோடு முடிக்காதீர்கள். நாங்கள் விடுகதையோடு முடிப்போம். கிழவிகளுக்குத் தெரிந்த விடுகதைகள் பாதி சபையில் சொல்ல முடியாதவை, அதனாலேயே சிரிப்பு உத்தரவாதம். மறுநாள் காலை, அழுதவர் வீட்டுப் பக்கம் ஒருவர் போய்வரட்டும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, 'போய்ச் சேர்ந்துட்டா தேவலை' என்ற பேச்சு வருகிறது என்றால் அது உங்கள் வட்டத்தின் வேலை அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனையில் இருப்பார், கூடவே போங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய மனநல உதவி எண்களை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கதையைத் திருப்பிக் கொடுப்பது

ஐந்தாம் வாரம் எனக்குப் பிடித்த வாரம். சிலி நாட்டில் இராணுவ ஆட்சிக் காலத்தில், சித்திரவதைப்பட்டவர்களின் வாக்குமூலத்தை உளவியலாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து எழுதி வைத்தார்கள். எழுதி முடிக்கும்போது அவர்களுக்கே ஒரு தெளிவு பிறந்ததைக் கண்டார்கள். வாரணாசியில் ஒரு மனித உரிமைக் குழு, போலீஸ் சித்திரவதைக்கு ஆளானவர்களோடு இதை இந்திய முறையில் செய்தது. எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தி, கடைசியில் ஊரார் முன் படித்து மரியாதையோடு அவர் கையிலேயே ஒப்படைப்பது.

நாங்கள் ஒவ்வொருவர் கதையையும் பாட்டையும் நாலு பக்க நோட்டாகத் தைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தோம். வாசிப்பதா வேண்டாமா, யார் வாசிப்பது என்பதெல்லாம் அவர் விருப்பம். வெளியே கொண்டுபோவதானால் சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள். ஒருமுறை அங்கேயே, இன்னொரு முறை ஒரு வாரம் கழித்து, வீட்டில், தனியாக. இரண்டாம் முறை 'வேண்டாம்' என்றவர்கள் எங்களிடம் மூன்று பேர். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நூறு வீடுள்ள ஊரில் 'கிணற்றடி வீட்டு விதவை' என்றாலே முகவரிதான்.

கதைகளை அடுத்தடுத்து வைத்தால் வேறொன்றும் தெரியவரும். எங்கள் வட்டத்தில் மரம் விழுந்ததை எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மரத்துக்குச் சொந்தக்காரர்கள் நிவாரணம் போதவில்லை என்று பேசும்போது, கீற்று முடைந்து பிழைத்த நாலு பெண்கள் மட்டும் 'அடுத்தவர்' என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். கணக்கெடுப்பில் மரம் இருந்தது, முடைந்த கை இல்லை. அதை நாலாம் வாரம் ஒருத்தி சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த தோப்புக்காரர் வீட்டம்மா 'ம்' கொட்டினார். அடுத்த வாரம் மனு எழுத அவர் மகன்தான் வந்தான். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் போன்றவை உண்டாக்கும் மனவடு தனி ஆளோடு நிற்பதில்லை, சமூகத்தின் உறவுகளையே குலைக்கிறது என்று நீண்டகாலமாக எழுதிவருகிறார். மனுவால் காசு வந்ததா என்றால், இல்லை. அந்த நாலு பேரும் ஆறாவது வாரம் 'அடுத்தவர்' சொல்லவில்லை.

முடிப்பது

ஆறு வாரம் என்றால் ஆறோடு நிறுத்துங்கள். நீங்கள் இல்லாமல் நடக்காது என்று ஆகிவிட்டால் அது வட்டம் இல்லை. கடைசி நாளை நாலாம் வாரத்திலிருந்தே சொல்லிவாருங்கள், திடீரென்று போகாதீர்கள். நோட்டுகள் அவரவரிடம், பெயர்ப்பட்டியலைக் கிழித்துவிடுங்கள். தொடர விரும்புகிறவர்களிடம் இடத்தின் சாவியைக் கொடுங்கள்.

எங்கள் கடைசி வியாழன், பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஆறு வாரமும் 'ம்' மட்டுமே கொட்டிய ஒரு பெரியம்மா வாசலில் நின்று, 'அடுத்த வாரம் நீ வரலன்னா பாயி எங்க இருக்கும்?' என்று கேட்டார். அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினேன்.